எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய்: தெருவாக நாம் என்ன செய்யலாம்?

கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். எதிர்வீட்டில் ஆறு வயதுப் பையன். ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், முகமெல்லாம் வெளுப்பு, காலில் அங்கங்கே நீலத் தடம். காரைக்குடியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து சென்னைக்கு. ரத்தப் புற்றுநோய், இரண்டரை வருஷத்துக்கு மேல் வைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். தெருவே கலங்கிப்போய்ப் பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை செய்து, வீட்டுக்கு வீடு பணம் எடுத்து, ஒரு வேன் பிடித்து 14 பேர் பார்க்கப் போயிருக்கிறார்கள். கையில் டின் டின்னாக அதிரசமும் தேன்குழலும். வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்த அம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். “நாங்கள் எதிலும் தப்புப் பண்ணிவிட்டோமா அக்கா? இனிமேல் என்ன செய்தால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும்?”

சென்னையில் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 19 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வு பெற்று இப்போது தேவகோட்டைப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். வார்டுக்கு உள்ளே நடப்பதும் தெரியும், ஊரில் நடப்பதும் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. முதல் மாதத்தில் ஒரு தாய் எந்த நிலையில் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குச் சலைன் மாற்ற வந்தால் எழுந்திருக்கிறாள், விடிவதற்குள் ரத்தம் எடுக்க வந்தால் எழுந்திருக்கிறாள், நடுவில் பிள்ளை வாந்தி எடுத்தால் எழுந்திருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய், அவ்வளவுதான் அவளுக்கு இடம். அவள் முன்னால் 14 பேர் கண்ணீரோடு வந்து நின்றால், 14 பேரையும் அவள் தேற்ற வேண்டியதாகிவிடுகிறது. அதற்குத் தெம்பில்லாமல்தான் உள்ளே போயிருப்பாள். இதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவளிடம் விளக்கமும் கேட்காதீர்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எங்கே கை கொடுப்பது என்று தெரியும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்தான் அதிகம். அதிலும் பெரும்பாலும் லிம்போபிளாஸ்டிக் என்ற வகை. இந்தப் பையனுக்கும் அதுவாகவே இருக்கலாம். எலும்பு மஜ்ஜைக்குள் முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். வெளுப்பு, காய்ச்சல், நீலத் தடம் எல்லாம் அதனால்தான். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தாய் கர்ப்பத்தில் எதையோ தின்றதால் வந்ததும் இல்லை. இந்த இரண்டையும் தெருவில் நாலு பேரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் ஊர் திரும்பும்போது அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க யாரும் யோசிக்கக் கூடாது.

வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதி குறைந்த பல நாடுகளில் அது 30 சதவீதத்துக்கும் கீழே. உலக அளவில் குறைந்தது 60 சதவீதத்தையாவது 2030-க்குள் எட்ட வேண்டும் என்று 2018-ல் ஒரு திட்டமே தொடங்கினார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காமல் போவது என்று காரணங்கள் பல. அவற்றில் முக்கியமான ஒன்று, வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுவது. பணம் தீர்ந்துபோகும், அப்பாவின் வேலை போய்விடும், ஊரில் இருக்கும் இன்னொரு பிள்ளை ஏங்கிப்போகும், தாய் ஓய்ந்துபோவாள். ஒருநாள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் கண்ணெதிரே அப்படிக் கிளம்பிப் போனவர்கள் உண்டு. மருந்து கொடுப்பது டாக்டர் வேலை. இப்படிக் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் தெருவின் வேலை.

நம் பெரியவர்களுக்கு மூன்று வருஷக் கணக்கு என்றால் என்னவென்று தெரியும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள், கடைக்கு ஏஜெண்டாகப் போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். அந்த மூன்று வருஷமும் இங்கே வீடு நின்றுபோய்விடவில்லை. ஒரே வளவு வீட்டுக்குள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அடுப்பு, தனி அறை என்று இருந்தாலும், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி அடுப்பிலிருந்து கஞ்சி வந்துவிடும். கோயில் காரியத்துக்கு முறை வைத்துச் செய்வதும், புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டு எடுப்பதும் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பழக்கம். நகரத்தார் வீடு, அம்பலகாரர் வீடு, ராவுத்தர் வீடு என்று எல்லாரும் கலந்த தெருவாக இருந்தாலும் முறை என்றால் எல்லாருக்கும் புரியும். எதிர்வீடு இப்போது ஒரு மூன்று வருஷக் கணக்குக்குப் போயிருக்கிறது. அவர்கள் திரும்பி வருகிறவரை முறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் முறை என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் மாதத்தில் எல்லாரும் வருவார்கள். நாலாவது மாதத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். வைத்தியமோ அப்போதுதான் கடுமையாக நடந்துகொண்டிருக்கும். முதல் கட்டம் நாலைந்து வாரம். அதில் உடம்பில் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஊரில் “சரியாயிடுச்சாம்” என்று பேசிக்கொள்வார்கள். அப்புறம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இன்னும் வீரியமான மருந்துகள், முதுகுத்தண்டில் ஊசி, அணுக்கள் குறைந்து திரும்ப அட்மிஷன். அதற்கும் அப்புறம் ஏறத்தாழ இரண்டு வருஷம் தினமும் மாத்திரை. உங்கள் நோட்டில் ஐந்தாம் மாதத்துக்கும் பதினெட்டாம் மாதத்துக்கும் இப்போதே பெயர் எழுதி வையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தெருவில் பொறுப்பான ஒருவர் அதை வைத்துக்கொள்ளட்டும். அவர் மட்டும் அந்த அப்பாவுக்குப் போன் செய்து, “அண்ணே, வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்ளலாமா” என்று கேட்கட்டும். அவர்கள் சரி என்றதை மட்டும் செய்யுங்கள். தண்ணீர் வருகிற நாளில் தொட்டி நிரப்புவது ஒரு வீடு. முற்றம் பெருக்கி, சாயங்காலம் வாசல் விளக்குப் போடுவது ஒரு வீடு. கரண்ட் பில், கேஸ், ரேஷன் ஒரு வீடு. அப்பத்தாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வைப்பது ஒரு வீடு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சென்னையில் வார்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை யோசிப்பது இவற்றைத்தான்.

“என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மனதார சொல்வதுதான், ஆனால் கேட்கிற பாரத்தை அவர்கள் தலையிலேயே வைத்துவிடுகிறோம். நம் பக்கத்து ஆட்களுக்குக் கேட்டு வாங்க வராது. உயிரே போனாலும் வராது. “செவ்வாய்க்கிழமை காலையில் என் தங்கச்சி மகன் வளசரவாக்கத்திலிருந்து டிபன் கொண்டுவருவான். இட்லியா, இடியாப்பமா?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

சாப்பாட்டில்தான் நம்மூர்க் கை தேர்ந்த கை. அதே கையால் கெடுதலும் வந்துவிடக் கூடாது. கீமோ என்ற புற்றுநோய் மருந்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமிகூடப் பிள்ளையைப் படுக்கவைத்துவிடும். அதனால் அவனுக்கு அப்போதே சமைத்துச் சூடாக இருப்பதுதான் கொடுப்பார்கள். காய்ச்சாத தண்ணீர், தோல் உரிக்க முடியாத பழம், பச்சைச் சட்னி, கடைப் பண்டம் எதுவும் ஆகாது. நாலு நாளைக்கு முன் சுட்டு டின்னில் அடைத்த அதிரசத்தை வாசலில் நிறுத்தியதற்குக் காரணம் அதுதான். முதல் கட்டத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையில் பிள்ளைக்கு அகோரப் பசி எடுக்கும். எங்கள் வார்டில் நம் பக்கத்துப் பையன் ஒருவன் நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு வெள்ளைப் பணியாரம் வேண்டும், மிளகாய்ச் சட்னியோடு வேண்டும் என்று அழுவான். சென்னையில் இருந்த அவன் அத்தை மறுநாள் காலை மாவை ஆட்டி எடுத்து, பக்கத்துத் தங்கும் விடுதி அடுப்பிலேயே சுட்டு, கை பொறுக்காத சூட்டில் கொண்டுவந்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சட்னியைக் கொதிக்க வைத்துக் கொடுத்தோம். பதினொரு பணியாரம் சாப்பிட்டான். எண்ணிக்கொண்டிருந்தது அவன் அம்மாதான். அன்று அவள் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவில்லை.

அந்த ஸ்டீராய்டில் முகம் உப்பும். “பரவாயில்லையே, பிள்ளை நல்லா கொழுகொழுன்னு ஆயிட்டானே” என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அது தேறியதால் வந்த உப்பல் இல்லை என்று தாய்க்குத் தெரியும்.

உங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் தாய்க்கும் தகப்பனுக்கும் அனுப்புங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய். பிள்ளை சாப்பிட்டானா என்று எல்லாரும் கேட்பார்கள். தாய் சாப்பிட்டாளா என்று கேட்க ஆள் இருக்காது.

போய்ப் பார்ப்பதாக இருந்தால் ஒருவர் அல்லது இருவர் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் போகவே வேண்டாம். பூ, பூச்செண்டு வேண்டாம். எங்கள் வார்டுக்குப் பள்ளத்தூரிலிருந்து ஒரு பெரிய ஆச்சி ஒருமுறை வந்தார்கள், 70 வயதுக்கு மேல் இருக்கும். மருமகள் பிள்ளைக்குக்கூட இல்லை, மருமகளின் தங்கை பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, பிள்ளையைத் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தார்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையின் அம்மாவான அந்தப் பெண்ணை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, மடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் தேங்காயெண்ணெய் எடுத்துத் தலையில் சூடு பறக்கத் தேய்த்து, சிக்கெடுத்து, இறுக்கமாகப் பின்னிவிட்டார்கள். பன்னிரண்டு நாளாக வாராத தலை. பாதிப் பின்னலில் அந்தப் பெண் உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிவிட்டாள். ஆச்சி அசையாமல் பின்னலைக் கையில் பிடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். 19 வருஷத்தில் நான் பார்த்த ஆறுதல்களில் அதற்கு மேல் ஒன்று எனக்கு நினைவில் இல்லை.

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலரும் தவறாகப் பேசிவிடுகிறார்கள். “யார் செய்த பாவமோ” வேண்டாம். “எங்க ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கும் இதேதான், கடைசியில போயிட்டான்” வேண்டவே வேண்டாம். “தைரியமா இருங்க” என்பதும் கேட்கிறவருக்கு ஒரு கட்டளையாகத்தான் விழும். “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா, ஆனா நான் இருக்கேன்” என்று சொன்னால் போதும். பிள்ளையிடம் நோயைப் பற்றிப் பேசாமல் ஊர்ச் செய்தி பேசுங்கள். தெருவில் நாய் குட்டி போட்டது, மஞ்சுவிரட்டில் யார் காளை ஜெயித்தது, அவன் கூட்டாளிகள் கண்மாயில் என்ன பிடித்தார்கள். அவன் வயதுப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை போனில் இரண்டு நிமிஷம் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். “டேய், நீ வந்தாத்தான் அந்த கிரிக்கெட் பேட்டை எடுப்போம்” என்று ஒரு குரல் வந்தால், ஊசி போடும்போது காதில் வைத்துக்கொண்டு கேட்பான். அவன் வகுப்பு டீச்சரிடம் பேசி, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தி சொல்ல ஒருவர் போதும். ஒரு தாய் ஒரே நாளில் 60 போனுக்குப் பதில் சொல்லி, கடைசியில் போனை அணைத்து வைத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவோ மாமாவோ யாராவது ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு அவர்களிடம் கேட்டு, தெருக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடட்டும். மற்றவர்கள் “பதில் போட வேண்டாம்மா, நினைச்சுக்கிட்டே இருக்கோம்” என்று மட்டும் எழுதினால் போதும்.

அந்தச் செய்தியில் பிள்ளையின் படம் போடாதீர்கள். மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக ஒரு படத்தைப் பணம் திரட்டுவதற்காகப் பரப்பிவிடுகிறார்கள். அது எங்கெங்கோ சுற்றும். அவன் நல்லபடியாக வளர்ந்து 20 வயதில் அதைப் பார்ப்பான். பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது பின்னாலேயே வரும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அவர்களிடம் அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குவதில் தொடங்கி, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலையும் வேலையை உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். அது 10,000 ரூபாய் கொடுப்பதை விடப் பெரிய உதவி. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கு ஆஸ்பத்திரியில் படிவம் வாங்க வேண்டும். காப்பீடு போக மிச்சம் இருக்கும் செலவுதான் குடும்பத்தை அரிக்கும்: ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அறை வாடகை, ஆட்டோ, சாப்பாடு, போகாத வேலையின் சம்பளம். நீங்கள் எடுத்த பணத்தை ஒரே மூச்சில் கொடுக்காமல், மாதம் இன்ன தேதி இவ்வளவு என்று அப்பாவின் கணக்கில் போடுங்கள். கூடவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இது மொய் இல்லை என்று. நம் பக்கத்தில் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும் வரை தூக்கம் வராது. அந்தக் கவலை அவர்களுக்கு இப்போது வேண்டாம்.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டியிருக்கும், அதிலும் ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்). ஊரிலிருந்து பாட்டிலில் கொண்டுபோகும் பொருள் இல்லை அது. எடுத்த தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் சென்னையில் இருக்கும் நம்மூர் இளைஞர்களின் பட்டியல்தான் வேண்டும். பெயர், ரத்த வகை, எந்தப் பகுதியில் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கொடுத்தார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும். ரத்தம் என்றால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். சொந்தத் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள் கொடுப்பதற்கு முன் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டணு வேண்டும் என்று சொல்லும்போது, அந்தப் பட்டியலை அப்பா கையில் கொடுத்தவர்களை அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் மறக்காது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். தங்கை புற்றுநோயில் இறந்த துக்கம்தான் அவரை அதில் இறக்கியது. அந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான் நாமும். இதை அந்த அப்பாவிடம் ஒருநாள் சொல்லுங்கள். எங்கோ தெரியாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணம் அவருக்குக் கொஞ்சம் குறையும்.

பையனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், நாலாம் வகுப்பு, ஆயா வீட்டில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பிள்ளைதான் எனக்குப் பெரிய கவலை. எல்லாரும் அவளிடம், “தம்பி எப்படி இருக்கான்?” என்றுதான் கேட்பார்கள். அவளை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பெண் பிள்ளை என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், “நான் தம்பிகூடச் சண்டை போட்டுக் கிள்ளிட்டேன், அதனாலதான் கால்ல நீலமா வந்துச்சா?” என்று. மூன்று மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உங்களில் யாராவது அவளை உட்காரவைத்து, உன்னால் வந்தது இல்லை என்று ஒரு தடவை இல்லை, பல தடவை சொல்லுங்கள். பள்ளியில் ஆண்டு விழா என்றால் அவள் பெயர் கூப்பிடும்போது கைதட்ட இரண்டு பேர் போய் உட்காருங்கள். பிறந்தநாளைக் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவோடு வீடியோவில் பேசவைப்பதையும் ஒரு வீட்டு முறையாகப் போட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கும் ஒரு ஆள் வேண்டும். ஆண்கள் அழ மாட்டார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடையில் தனியாக நின்றுகொண்டிருப்பார்கள். அவர் கூட்டாளி ஒருவர் மாதம் ஒருமுறை போய், ஒரு நாள் ராத்திரி அவருக்குப் பதிலாகக் காவல் இருந்தால், அவர் ஒரு இரவு படுத்துத் தூங்குவார்.

சாமி கும்பிடுவதை நான் தடுக்க மாட்டேன். நானே கொப்புடையம்மனிடம் எத்தனையோ பிள்ளைகளுக்காக நின்றிருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும், சித்திரையில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடப்பவர்களும் உங்கள் தெருவில் இருப்பார்கள். அவனுக்காக நடங்கள், நடுவழியில் நின்று போனில் அவனிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பிள்ளையைக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போவதுதான் கூடாது. திருநீற்றை நெற்றியில் பூசலாம், வாயில் போடக் கூடாது. தீர்த்தம் குடிக்கக் கொடுக்கக் கூடாது. நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதையும் கொண்டுபோய் அந்தத் தாயைக் குழப்பாதீர்கள். கீமோவின் பாரத்தை ஈரல் ஏற்கனவே தாங்கிக்கொண்டிருக்கிறது. அதோடு, உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்ற குற்ற உணர்ச்சியும் அவளுக்குச் சேர்ந்துவிடும். முடி கொட்டியதைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். நம் ஊரில் மொட்டை என்ன புதிதா? பழனிக்குப் போய்வந்த பிள்ளைகள் நாலு பேர் மொட்டையோடு அவனுக்கு வீடியோவில் கைகாட்டினால் சிரித்துவிடுவான்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிள்ளை ஊருக்கு வந்த பிறகும் அணுக்கள் குறைவாகவே இருக்கும் நாட்கள் உண்டு. அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலும் அவசரம்தான். விடியட்டும் பார்க்கலாம், ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம், பக்கத்து டாக்டரிடம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பதெல்லாம் கூடாது. தட்டணு குறைந்திருக்கும்போது இடுப்பில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிவிடும். சென்னை டாக்டருக்குப் போன் செய்துகொண்டே கிளம்பிவிட வேண்டும். சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். அதனால் காய்ச்சல் வந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கா, மதுரைக்கா, எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதுரையே சுமார் 90 கிலோமீட்டர். நடு ராத்திரியில் கார் யாருடையது, ஓட்டுவது யார்? திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று அதற்கும் முறை போடுங்கள். முறைக்காரர் அன்று ராத்திரி வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கட்டும்.

இன்னொன்று அம்மை. பங்குனி, சித்திரை வெயிலில் நம் தெருக்களில் வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகியிருக்கும். சின்னம்மை மற்ற பிள்ளைகளுக்குப் பத்து நாளில் இறங்கிவிடும். கீமோவில் இருக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அது பரவும் என்பதால், யார் வீட்டில் அம்மை கண்டாலும் மறைக்காமல் அன்றே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சேர்ந்து விளையாடியிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லித் தடுப்பு மருந்து கொடுக்க நேரம் இருக்கும். அம்மன் வந்திருக்கிறாள், வெளியே சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லலாம். அந்தப் பிள்ளைக்காக இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கும்படி அவர்களிடம் கேளுங்கள்.

கடைசிக் கட்டத்தில் முடி முளைத்து, பள்ளிக்குப் போய், ஓடி விளையாடிக்கொண்டிருப்பான். அப்போதும் தினம் ராத்திரி மாத்திரை உண்டு, வாரம் ஒருநாள் வேறு மாத்திரை உண்டு. “நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மருந்து?” என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். களைத்துப்போன பெற்றோர் மனதில் அந்தக் கேள்வி ஏற்கனவே இருக்கும். தெருவும் சேர்ந்து கேட்டால் நிறுத்திவிடுவார்கள். “இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?” என்று சாதாரணமாகக் கேட்கிற பக்கத்து வீடு அவர்களுக்கு வேண்டும்.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எல்லாப் பிள்ளையும் பிழைப்பதில்லை. மருந்து கேட்காமல் போகிற நாள் வந்தால், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த நாட்களில்தான் தெருக்காரர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்காதீர்கள். சும்மா அவர்கள் வீட்டுப் பட்டாலையில் போய் உட்காருங்கள். கேதம் கேட்கக் கூட்டம் வரும், சில நாளில் கலைந்துவிடும். ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றவர்கள் அழுவார்கள்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்கத்தான் அவர்கள் ஏங்கிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அப்படி எதுவும் இல்லை. முதல் கட்டம் முடிந்து இன்னும் சில வாரத்தில் கொஞ்ச நாளைக்கு ஊருக்கு அனுப்பலாம். அதற்கான வேலையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். பூட்டிக்கிடந்த வீடு, தூசியும் பூஞ்சையும் இருக்கும். பிள்ளை வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அவன் வந்த பிறகு தூசி கிளப்பக் கூடாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புங்கள். முகப்பில் கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். கோலம் போடுங்கள், மேளம் வேண்டாம். வருகிற நேரத்தைத் தெருவுக்கெல்லாம் சொல்லாதீர்கள். காரிலிருந்து இறங்கும்போது அவன் அக்கா வாசலில் நிற்கட்டும், முதலில் அவளைப் பார்க்கட்டும். ஆலம் (ஆரத்தி) கரைத்து எடுக்கப்போகிற இரண்டு பேருக்கும் சளியோ தொண்டைக் கரகரப்போ இல்லை என்று அன்று காலையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.